கருப்பருக்கு நேர்ந்த சேவல்

போன வாரம் என் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை என்றார் டாக்டர். ஆனாலும் அவள் தூங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அப்படித் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எங்கள் வீட்டுச் சேவல் ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது நாங்கள் வல்லத்திராக்கோட்டையில் இருந்தோம். எனக்கு எட்டு வயது இருக்கும். கைக்குழந்தையாக இருந்த தம்பிக்கு வலிப்பு வந்து, பிழைப்பானா என்று ஆனபோது, அம்மா கொல்லையில் மேய்ந்த சேவல் குஞ்சு ஒன்றைப் பிடித்து, காலில் மஞ்சள் துணி கட்டி, கருப்பருக்கு நேர்ந்துவிட்டாள். தம்பி பிழைத்துக்கொண்டான். திருவிழாவில் சேவலை அறுத்துப் படைத்துவிட்டால் நேர்த்திக்கடன் தீர்ந்துவிடும். ஆனால் யாருக்கு முதல் மரியாதை என்று ஊருக்குள் தகராறு வந்து திருவிழா நின்றுபோனது. சமாதானம் ஆகும்வரை கோயிலில் யாரும் எதையும் அறுக்கக் கூடாது என்று முடிவானது. அடுத்த வருஷமும் சமாதானம் ஆகவில்லை. சேவல் மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

நேர்ந்துவிட்டதை விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது. இது அந்தச் சேவலுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. கொல்லைக் கதவைத் திறந்தால் கழுத்துச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓடிவரும். தண்ணீர் எடுக்கப் போனாலும் நான் அரிசி புடைக்கிற சொளகைக் கேடயம் போலப் பிடித்துக்கொண்டுதான் போவேன். கோழி அடைக்கிற மூங்கில் பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்த்தால் பஞ்சாரத்தோடு நகர்ந்து வந்து கொத்தப் பார்க்கும்.

அம்மா மட்டும் அதனிடம் மரியாதையாகப் பேசுவாள். “கொஞ்சம் அங்கிட்டுப் போங்க சாமி, பாத்திரம் கழுவணும்.”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே சிரிப்பார். “கட்டுன புருசன ஒருநாளாச்சும் இப்புடிக் கூப்புட்ருக்கியா?”

“நீங்க கொத்தமாட்டீங்களே.”

“கொத்துனாத்தான் மரியாதையா? இது தெரியாமப் போச்சே!”

ஒரு நாள் அப்பா புதுக்கோட்டைக்கு ஆபீஸ் போன பிறகு, ஓடித் திரியப் பழகிவிட்ட தம்பி கொல்லைக்குப் போய்விட்டான். அலறல் கேட்டு அம்மாவும் நானும் ஓடினோம். அவன் மல்லாந்து கிடந்தான். மார்பின்மேல் சேவல் நின்றது. அவன் கண்ணுக்குக் கீழே ரத்தம்.

அம்மா ஒரு விறகுக் கட்டையை எடுத்து ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

“அடிம்மா! அடி!” என்று கத்தினேன்.

அவள் கட்டையைப் போட்டுவிட்டுத் தம்பிமேல் கவிழ்ந்துகொண்டாள். சேவல் அவள் முதுகில் ஏறிக் கொத்தியது. நான்தான் சொளகை வீசி விரட்டினேன். பெற்ற பிள்ளையைவிடச் சேவல் பெரிதாகப் போய்விட்டதா என்று எனக்கு அவள்மேல் ஆத்திரம் பொங்கியது.

நல்லவேளை, கண் தப்பியது. காயத்தில் மஞ்சளை அப்பிவிட்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சேவலைக் கூடையில் போட்டுத் துணியால் கட்டி, அம்மா கோயிலுக்குக் கிளம்பினாள். நானும் கூடவே ஓடினேன். புளியமரத்தடியில் கூடையைத் திறந்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“ஒங்க சேவல ஒங்ககிட்டயே விட்டுட்டேன். ஊருக்காரங்க அடிச்சுக்கிறதுக்கு நான் என்ன செய்வேன்? எம்புள்ளய மட்டும் எங்கிட்ட விட்டுருங்க சாமி.”

சேவல் எங்களைச் சட்டை செய்யாமல் சருகைக் கிளறத் தொடங்கியது.

திரும்பும்போது அம்மா வேகமாக நடந்தாள். ஆனால் அடிக்கொரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. என் கோபமெல்லாம் போய்விட்டது. பாவம், ஆசையாக வளர்த்ததைப் பிரிய மனசில்லை என்று நினைத்தேன். அவளைச் சந்தோஷப்படுத்த எண்ணி, சாயங்காலம் கோழிகளை அடைக்கக் கூப்பிடுவது போல, நின்று திரும்பி, “பா… பா… பா…” என்று உரக்கக் கூப்பிட்டேன்.

சேவல் தலையைத் தூக்கிப் பார்த்தது.

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். “கூப்புடாதடி… வந்துறப் போவுது” என்றாள்.

கோயிலில் விட்டது வீடு திரும்பினால் கருப்பர் ஏற்றுக்கொள்ளவில்லை, நேர்த்திக்கடன் தீரவில்லை என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. யாரும் அதை எனக்குச் சொல்லியிருக்கவில்லை. சேவலுக்காகத்தானே அழுகிறாள், அது வந்தால் சந்தோஷம்தானே என்று குழம்பிக்கொண்டு, அவள் கைக்குள் மூச்சு முட்ட நின்றேன்.