ஐந்துக்கு இரண்டு

எங்கள் அலுவலகத்தில் ஆள் எடுக்கும் நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார வேண்டும், அதில் ஒருவராவது வெள்ளையரல்லாதவராக இருக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. எங்கள் தளத்தில் அந்தத் தகுதி எனக்கு மட்டுமே இருந்தது. பதினெட்டு வருட உழைப்புக்குக் கிடைக்காத மரியாதை தோலுக்குக் கிடைத்ததில் கொஞ்சம் கூச்சம்தான். ஆனாலும் புதுச் சட்டை வாங்கினேன்.

சாப்பாட்டு அறையில் அந்த விதியைப் பற்றிப் பெரிய விவாதம். திறமைக்குத்தான் இடம் என்றார்கள் சிலர். திறமையை அளக்கிற கோலே கோணல் என்றார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கமும் நடுநடுவே என்னைப் பார்க்கும். நான் என் சோற்றுப் பெட்டியைப் பார்ப்பேன். எனக்கும் ஒரு கருத்து இருந்தது: என்னைத் திறமைக்காக எடுத்தார்கள், மற்றவர்களை எதற்காக எடுத்தார்களோ தெரியாது. விசாரித்தால் அந்த அறையில் எல்லோருக்கும் அதே கருத்துத்தான்.

முதல் தேர்விலேயே வந்த நால்வரில் ஒருவர் எங்கள் ஆள், தமிழர். நம்மவர்கள் நிறைந்த ஸ்காபரோவில் இருப்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். உள்ளே வந்து என்னைக் கண்டதும் அவருடைய தோள் கொஞ்சம் தளர்ந்தது. என்னுடையது அதே அளவு இறுகியது.

செய்த சாதனையைச் சொல்லச் சொன்னோம். ஒரு கிடங்கின் வேலை முறையையே மாற்றியமைத்திருந்தார். ஆனால் அவர் சொன்ன கதையில் அவரைத் தேட வேண்டியிருந்தது. மேலாளர் நல்ல மனிதர், கூட வேலை செய்தவர்கள் கெட்டிக்காரர்கள், இவர் சும்மா பக்கத்தில் நின்றார். தன்னைத் தானே புகழ்வது வெட்கக்கேடு என்று வளர்க்கப்பட்டவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அந்த அறையில் அது விளங்கிய ஒரே ஆள் நான். அதை மற்றவர்களுக்கு விளக்கத்தான் என்னை அங்கே இருத்தியிருந்தார்கள்.

ஐந்துக்கு இரண்டு போட்டேன். ‘தலைமைப் பண்பு போதாது’ என்று ஆங்கிலத்தில், அழகான கையெழுத்தில் எழுதினேன். மற்ற இருவரும் நான்கு போட்டிருந்தார்கள். தன் ஆளை ஏற்றிவிட்டான் என்று சாப்பாட்டு அறையில் யாரும் சொல்லிவிடக் கூடாதே. என் மேலாளர் தாளைப் பார்த்துவிட்டு, நான் பக்கம் சாயாதவன் என்று பாராட்டினார். ஒரு புள்ளி வித்தியாசத்தில் வேலை இன்னொருவருக்குப் போனது.

வீட்டில் இதைச் சொல்ல ஆளில்லை. மனைவி பிரிந்து போய் ஆறு வருடம். இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் நின்றேன்.

“கொத்து ரொட்டி ஒண்டோ அண்ணை?” கடைக்காரப் பெண் வழக்கம்போலக் கேட்டார்.

“ஓம், ஒண்டுதான்.”

“அண்ணை, என்னை ஞாபகமிருக்கோ?” என்று பின்னால் ஒரு குரல். அவர்தான்.

“இல்லாமலோ,” என்றேன்.

“அண்டைக்கு உங்களைக் கண்டாப்பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. நீங்கள் எனக்காகக் கதைச்சிருப்பியள், தெரியும். உந்த ரெண்டு வெள்ளையளும்தானே வெட்டினது?”

உள்ளே ரொட்டியைக் கொத்தும் தகடுகள் கல்லில் அடிக்கத் தொடங்கின. பதில் சொல்லாமல் தப்பிக்க அந்தச் சத்தம் போதும். ஆனால் அவர் சத்தம் ஓயும்வரை பொறுமையாக நின்றார்.

“ஓம்,” என்றேன்.

“சிஸ்டமே அப்பிடித்தான். நீங்கள் ஒராள் என்ன செய்வியள், அண்ணை.”

அந்த சிஸ்டம் ஒரு கொத்துப் பார்சலை வாங்கிக்கொண்டு, வெளியே போகாமல் நின்றது.

“அடுத்தமுறை இடம் வந்தா எனக்கொரு கோல் அடியும்,” என்று என் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். “எப்பிடிக் கதைக்கிறதெண்டு சொல்லித்தாறன்.”

“கட்டாயம் அண்ணை.”

அவர் அழைத்தால் முதலில் சொல்ல வேண்டியதைக் குளியலறையில் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்: அந்த இரண்டு நான் போட்டது. தெரியாத எண் எது வந்தாலும் இப்போது எடுத்துவிடுகிறேன். இதுவரை அழைத்தவர்களெல்லாம் வீட்டைச் சூடாக்கும் காற்றுக்குழாயைத் துப்புரவாக்கித் தருகிறோம் என்று வியாபாரம் பேசுகிறவர்கள்தான். நான் இருப்பது வாடகைக்கு, பதினோராம் மாடியில். குழாய் என்னுடையதல்ல. ஆனாலும் தொலைபேசியை உடனே வைத்துவிடுவதில்லை.