கீழே இருக்கிற நாலு

நளினிக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. நாலாவதில்தான் பின்னக் கணக்கு ஆரம்பிக்கும். அதற்குள் தம்பி பிறந்துவிட்டான். அம்மா கரும்பு வெட்டப் போக, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நளினி வீட்டிலேயே நின்றுவிட்டாள். முப்பது வருஷம் கழித்து, ஆந்திராப் பக்கம் பிச்சாட்டூருக்குப் பக்கத்து ஊரில், தமிழில் பாடம் நடக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கும் வேலை கிடைத்தது.

பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவள் என்பதால் அவளுக்குப் படிக்கத் தெரியும் என்று தெருவே நினைத்துக்கொண்டது. கரண்ட் பில்லை நீட்டி, "இதுல இன்னா போட்டுக்கீறான், பாரும்மா" என்பார்கள். எண்கள் தெரியும், தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். தெலுங்கில் பேசுவாள், எழுத்து தெரியாது. இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. "கண்ணாடி எடுத்தாரல" என்று சொல்லித் தப்பித்துவிடுவாள். கண்ணாடி என்று ஒன்று அவளிடம் இருந்ததே இல்லை.

புருஷன் பூவராகவன் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வயலிலேயே மயங்கி விழுந்தான். இதயம் பலவீனம் என்றார்கள். மூணு மாசத்துக்கு ஒருதரம் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போய்வரவேண்டும். மாத்திரைகளில் ஒன்று ரொம்பச் சின்னது. சீட்டில் அதற்கு நேராக 1/2 என்று இருக்கும். "அர மாத்திர, காலைல மட்டும்" என்று முதல் தடவையே ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். நளினி அதை அப்படியே மனசில் வாங்கிக்கொண்டாள்.

போன வாரம் போனபோது சீட்டு மாறியிருந்தது. 1/2 இருந்த இடத்தில் 1/4. மருந்து கொடுக்கும் இடத்தில் கேட்டுவிடலாம் என்றுதான் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவர் மாத்திரை அட்டைகளைத் தள்ளிவிட்டு அடுத்த ஆளின் சீட்டுக்குக் கை நீட்டினார். பின்னால் இருபது பேர். இத்தனை பேர் நடுவில் இது என்ன எழுத்து என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மகள் அக்ஷயா திருப்பதியிலேயே விடுதியில் தங்கிப் படிக்கிறாள், பரீட்சை நேரம். அவளையும் தொந்தரவு செய்யவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நளினி தானாகவே கணக்குப் போட்டாள். ரெண்டு என்றால் அரை. அப்படியானால் நாலு என்றால் ஒன்று. டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து முழு மாத்திரை கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூவராகவன் தட்டைத் தள்ளிவைத்தான். "வவுத்தப் பொரட்டுது. துன்ன முடியல" என்றான். செவ்வாய்க்கிழமை காலை மாத்திரையை விழுங்கிவிட்டு டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "லைட்டு ஏன் நளினி மஞ்சளா எரியுது?"

அவளுக்கு அது வெள்ளையாகத்தான் தெரிந்தது. மஞ்சள் காமாலையாக இருக்குமோ, சாயங்காலம் புத்தூர் வைத்தியரிடம் கூட்டிப்போய்க் காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டே வேலைக்குப் போனாள்.

பதினொரு மணிக்கு முட்டை எத்தனை அவிக்க வேண்டும் என்று கேட்க நாலாம் வகுப்பு வாசலுக்கு வந்தாள். மனோரமா டீச்சர் பலகையில் எழுதியிருந்தாள்: 1/2, 1/4.

"இதுல எது பெரிசு?"

கீர்த்தி என்ற பெண் எழுந்து, "1/4 டீச்சர். ரெண்டை விட நாலு பெரிசு" என்றாள். வாசலில் நின்ற நளினியும் அதே விடையை மனசுக்குள் சொன்னாள்.

டீச்சர் சிரித்தாள். ஒரு தாளை எடுத்துச் சரிபாதியாகக் கிழித்தாள். "கீழ ரெண்டுன்னா ரெண்டு பங்கு. அதுல ஒண்ணு, அரை." பாதியை மறுபடி ரெண்டாகக் கிழித்தாள். "கீழ நாலுன்னா நாலு பங்கு. அதுல ஒண்ணுதான் 1/4. இதுக்கு நம்ம வீட்ல இன்னா சொல்லுவாங்க?"

"கால்" என்றது வகுப்பு மொத்தமும்.

டீச்சர் விரல் நுனியில் பிடித்திருந்த அந்தச் சின்னத் துண்டை நளினி பார்த்தாள். அஞ்சு நாள். நாலு பங்கில் ஒரு பங்கு கொடுக்கவேண்டிய இடத்தில் நாலு பங்கையும் கொடுத்திருக்கிறாள். டீச்சர் என்னவோ கேட்டது காதில் விழவில்லை. போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். வீடு ஒன்றரை மைல். செத்திருப்பான், கதவைத் திறந்தால் செத்துக் கிடப்பான் என்றே வழியெல்லாம் தோன்றியது.

பூவராகவன் பாயில் சுருண்டு கிடந்தான். உலுக்கியதும் கண்ணைத் திறந்தான், ஆனால் பேச்சு குழறியது. மனோரமா டீச்சர் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்துவிட்டிருந்தாள். 108க்கு அவள்தான் போன் செய்தாள்.

திருப்பதி போய்ச் சேரும்வரை ஆம்புலன்ஸில் நளினிக்கு ரெண்டு பயம். ஒன்று அவன் போய்விடுவானோ என்று. இன்னொன்று வெளியே சொல்ல முடியாதது. மாத்திரையை நீ எப்படிக் கொடுத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? போலீஸ் வருமா? புருஷனைக் கொல்லப் பார்த்தவள் என்று ஊர் பேசுமா? அக்ஷயா முகத்தில் எப்படி விழிப்பது?

அவசர வார்டில் ஒரு இளவயது டாக்டரம்மா போன வாரச் சீட்டைப் பார்த்தபடியே, "ஈ மாத்ர எந்த இச்சாரம்மா?" என்று கேட்டாள். எவ்வளவு கொடுத்தாய் என்ற கேள்வி வந்தேவிட்டது.

"பாவு" என்று சொல்லிவிட்டாள் நளினி. தெலுங்கில் கால்.

டாக்டரம்மா தலையாட்டி எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினாள். பூவராகவன் தலைமாட்டில் இருந்த டிவி மாதிரிப் பெட்டியில் 38 என்று பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரருக்கு 80. எண்கள் அவளுக்குப் படிக்கத் தெரியும்.

ஓடிப்போய் டாக்டரம்மாவின் கோட்டைப் பிடித்தாள். "பொய் சொல்லிட்டேம்மா. முழு மாத்திர குடுத்தேன். அஞ்சு நாளா. அந்த எழுத்து எனக்குத் தெரியாது." பாதி தமிழும் பாதி தெலுங்குமாக வந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. எழுதியதை அடித்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு எல்லாமே வேகமாக நடந்தது. ரத்தம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவுக் கண்ணாடி வழியாக நளினி அந்தப் பச்சை எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். 38. 41. 40. மறுபடி 37. மறுநாள் மத்தியானம் 52. மூணாம் நாள் 64.

"மீரு செப்பிந்தி மஞ்சிதி" என்றாள் டாக்டரம்மா. நீங்கள் சொன்னது நல்லது. சொல்லாமல் போயிருந்தால் அதே மாத்திரையைத் திரும்பக் கொடுத்திருப்பார்களாம்.

வார்டுக்கு மாற்றிய அன்று பூவராகவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"உனுக்குப் படிக்கத் தெரியும்னு இல்ல நான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான். "இருவது வருசமா என்னாண்டகூட சொல்லலியே."



வீட்டுக்கு வந்தபிறகு கால் மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தால், உடனே வாயில் போடமாட்டான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். ஒரு மாசம் அப்படித்தான் போனது. பிறகு அப்படிப் பார்ப்பதை எப்போது நிறுத்தினான் என்று இருவருக்குமே தெரியாது.

மனோரமா டீச்சரிடம் அவளாகவே போய், தனக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். அன்றிலிருந்து பாத்திரம் கழுவி முடித்ததும் நாலாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பிள்ளைகளோடு வட்டம் போட்டுப் பங்கு பிரித்தாள், நிறம் தீட்டினாள். 2/3 பெரிதா 3/4 பெரிதா என்பதில் நாலுதரம் தப்புப் போட்டாள். பென்சில் பிடித்தாலே விரல் வியர்க்கும். கீழே ஒரு எண், மேலே ஒரு எண் என்று பார்த்த உடனே நெஞ்சு படபடக்கும். பயிற்சி நோட்டு தீர்ந்தது, பயம் தீரவில்லை.

மூணு மாசம் கழித்துத் திருப்பதியில் அதே மருந்து வரிசை. சீட்டில் 1/4 என்றே இருந்தது. கால் என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் சீட்டைக் கண்ணாடிக்குள் நீட்டிக்கொண்டு, "இது எவ்வளவு குடுக்கணும்? எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, வாயால சொல்லுங்க" என்று தெலுங்கில் சத்தமாகக் கேட்டாள். உள்ளே இருந்தவர் ஒருமுறை முறைத்தார். பிறகு ஒவ்வொரு அட்டையாக எடுத்துக் காட்டிச் சொன்னார்.

அவள் நகர்ந்ததும், பின்னால் நின்ற வயசான அம்மாள் அதே இடத்தில் தன் சீட்டை நீட்டி, "நாக்கூ அட்லே செப்பு நைனா" என்றாள். எனக்கும் அதே மாதிரி சொல்லப்பா.