பூட்டிக் கிடந்த வீட்டைப் பிள்ளையார் எங்களுக்குத் திறந்துவிட்டார்

ஆனி மாதத்தில் ஒரு நாள் வீட்டுக்காரர் வந்து, முற்றத்தில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். அவருடைய மகளுக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது. நாங்கள் வாடகைக்கு இருந்த அந்த வீட்டைத்தான் மகளுக்குச் சீதனமாக எழுதுகிறார்கள். பங்குனிக்குள் விட்டுக் கொடுக்க வேண்டும். அவர் நல்ல மனிதர். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவர் படலையைச் சாத்திக்கொண்டு போன பிறகு குசினிக்குள் போய் இருந்து அழுதேன்.

இது அறுபதுகளில் நடந்தது. நாங்கள் அப்போது கொழும்புத்துறையில், கடலேரிக்குக் கிட்ட இருந்தோம். என் கணவர் மீன்பிடி வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவர். எங்களுக்கு ஒரே பிள்ளை, சாந்தி. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் அவளுடைய இடது காலை மெலிய வைத்துவிட்டது. சமதரை என்றால் ஊன்றுகோலோடு நன்றாக நடப்பாள். மணலிலும் படிகளிலும் விழுந்துவிடுவாள். பள்ளிக்கூடம் தூரம். காலையில் அவளைத் தகப்பன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார், பின்னேரம் போய்க் கூட்டிக்கொண்டு வருவார். வள்ளத்து வேலை இடையில் வந்தால் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் காத்துக்கொண்டு நிற்பாள்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக் கொடுப்பார்கள். எனக்கும் என் தகப்பனார் வடமராட்சிக் கரையில் ஒரு வீடு தந்தார். அதைச் சாந்தியின் வைத்தியத்துக்காக விற்றோம். கொழும்பு வரைக்கும் கொண்டு போய்ப் பார்த்தோம். அதில் எனக்குத் துக்கம் இல்லை. அந்த வைத்தியத்தால்தான் அவள் நடந்தாள். மிஞ்சியதும், என் கணவர் பாடுபட்டுச் சேர்த்ததும் ஒரு சின்ன வீட்டுக்குப் போதும். ஆனால் நல்ல வீட்டை யார் விற்கப் போகிறார்கள்? மகள் இருக்கிறவர்கள் விற்க மாட்டார்கள். விலைக்கு வருகிற வீடு ஏதாவது ஒரு குறையோடுதான் வரும்.

ஆடி பிறந்ததிலிருந்து தேடினோம். தரகர் ஒருவர் சைக்கிளில் முன்னால் போவார், நாங்கள் பின்னால் போவோம். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கிணற்றடிக்குத்தான் போவேன். தண்ணீர் அள்ளி ஒரு மிடறு குடித்துப் பார்ப்பேன். கரையோரத்து வீடுகளில் பெரும்பாலும் உவர்த் தண்ணீர். குடிதண்ணீருக்கு இன்னொருவருடைய வளவுக்குக் குடத்தோடு போய் நிற்க வேண்டும். ஒரு வீட்டில் தண்ணீர் தேன் மாதிரி இருந்தது. ஆனால் வாசலில் சாந்தியால் ஏறவே முடியாத உயரமான படிகள். இன்னொன்று நல்ல கல்வீடு. கிணற்றிலும் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையிலும் நாலு குடும்பங்களுக்குப் பங்கு, நாலும் வழக்கில். வேறொரு வீட்டில் எல்லாம் பிடித்தது. விலையும் பேசியாயிற்று. அப்போது அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்து, “நீங்கள் எந்தப் பகுதி ஆக்கள்?” என்று சாதியைக் கேட்டார். சொன்னேன். அடுத்த நாள் தரகர் வந்து, அந்த வீட்டை வேறு ஆட்களுக்குக் கொடுப்பதாக ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்களாம் என்றார். என் கணவர் முகம் கழுவிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்கள் பிள்ளையார் கோயிலுக்குப் போய், கேட்க வேண்டியதை எல்லாம் வரிசையாகக் கேட்பேன். நல்ல தண்ணீர் வேண்டும். படி இல்லாத வாசல் வேண்டும். பிள்ளை நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் வேண்டும். சண்டை இல்லாத அயல் வேண்டும். சந்தையில் சாமான் சொல்லுகிற மாதிரித்தான் கேட்டேன்.

ஐப்பசியில் தரகர் அரியாலைப் பக்கம் ஒரு வீட்டைக் காட்டினார். அவருக்கே நம்பிக்கை இல்லை. “உதைச் சும்மா பாருங்கோ தங்கச்சி. பாத்தாப்போலை வாங்கேலாது” என்றார். வீடு பல காலம் பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் திறப்பு வாங்கித் திறந்தார். கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். ஒழுங்கை இறுகிய செம்மண். வாசலில் ஒரு சிறு கட்டு மட்டும். நான் அலுமாரி வைக்க இடம் பார்த்துக்கொண்டு நின்றபோது, எங்களோடு வந்திருந்த சாந்தி குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டாள். படலையிலிருந்து அவ்வளவு தூரமும் தனியாக, சுவரைப் பிடிக்காமல் வந்திருந்தாள். ஒழுங்கை முடிகிற இடத்தில் பள்ளிக்கூடம்.

“இதிலை என்ன கரைச்சல்?” என்று இவர் கேட்டார்.

“தாய்க்குப் பிறகு அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் சரிபாதி. ரண்டு பேரும் கையெழுத்து வைச்சால்தான் காணி உறுதி எழுதலாம். தாயின்ரை செத்தவீட்டோடை ரண்டு பேருக்கும் கதை பேச்சில்லை. எத்தினை பேர் கேட்டுப் பாத்திட்டினம்” என்றார் தரகர்.

நாங்களும் கேட்டுப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். அண்ணன் பொன்னுத்துரை பண்டத்தரிப்பில் இருந்தார். புகையிலைத் தோட்டக்காரர். நாங்கள் போன நேரம் தோட்டத்தில் நின்றார். கால் கழுவிவிட்டு வந்து எங்களை இருத்திக் கதைத்தார். நாங்கள் யார், எந்தப் பகுதி என்று அவர் ஒரு சொல் கேட்கவில்லை. பிள்ளையின் காலைப் பற்றித்தான் விசாரித்தார்.

“என்ரை பங்குக்கு நான் எப்ப எண்டாலும் கையெழுத்து வைப்பன். ஆனால் அவளிட்டைப் போய் நான் கேக்க மாட்டன். செத்தவீட்டிலை அவ்வளவு சனத்துக்கு முன்னாலை அவள் என்னைப் பேசின பேச்சு...” என்றபடி எழும்பிவிட்டார்.

தங்கை தங்கம்மா நெல்லியடியில் இருந்தார். அடுத்த கிழமை பஸ் ஏறி அங்கே போனோம். அவர் எங்களுக்குச் சாப்பாடு போட்டார். வீட்டுக் கதையை எடுத்ததும் முகம் மாறிவிட்டது.

“தங்கச்சி, அம்மா செத்த செய்தி எனக்குப் பிந்தித்தான் வந்தது. நான் ஓடிப் போறன், அம்மாவைச் சுடலைக்குக் கொண்டு போயிட்டினம். அம்மாவின்ரை முகத்தை நான் பாக்கேல்லை. கூடப் பிறந்தவர், கொஞ்சநேரம் பொறுத்திருக்கக் கூடாதோ?” என்றார். “அவர் என்ரை வாசலுக்கு வரட்டும். வந்து கேக்கட்டும். அதுக்குப் பிறகு பாப்பம்.”

அண்ணன் போக மாட்டார். தங்கை விட மாட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கணவர், “இதை விடுவம் பாக்கியம். வேறை வீடு பாப்பம்” என்றார். கார்த்திகை பிறந்துவிட்டது. வேறு வீடும் இல்லை. எங்களுக்கு முன்னால் பங்குனி நின்றது.

கார்த்திகை விளக்கீடு கழிந்து, இருபத்தொரு நாள் பிடிக்கிற பிள்ளையாரின் பெருங்கதை விரதம் தொடங்கியது. அந்த வருடம் நானும் பிடித்தேன். ஒரு நேரச் சாப்பாடு. கோயிலில் மத்தியானம் கதை படிப்பார்கள், பூசை முடிந்து வீட்டுக்கு வருவேன். முதல் நாட்களில் என் வழக்கமான விண்ணப்பத்தைத்தான் சொன்னேன். ஒரு நாள் அப்படிக் கேட்டுக்கொண்டு நிற்கையில் தங்கம்மா அக்காவின் முகம் எனக்கு முன்னால் வந்தது. தாயின் முகத்தைப் பார்க்காமல் வந்த ஒருத்தி. அவருடைய வீட்டை வாங்கித் தா என்று நான் இங்கே கேட்டுக்கொண்டு நிற்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு வீட்டைக் கேட்க வாய் வரவில்லை. “அந்த இரண்டு பேரையும் சேர்த்து வையப்பா” என்று கேட்டேன். “வீடு எனக்கில்லாவிட்டாலும் பரவாயில்லை” என்றும் சொன்னேன். உள்ளதைச் சொல்லுகிறேன், அதைச் சொல்ல நாக்கு வந்ததே தவிர மனம் வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் சொன்னேன். சொல்லச் சொல்ல மனமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வந்தது.

விரதத்தின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. கடலேரி நிரம்பித் தண்ணீர் எங்கள் முற்றம் வரைக்கும் வந்துவிட்டது. வள்ளங்கள் போகவில்லை. மழை விட்ட ஒரு நாள் கோயிலால் வரும்போது இவரிடம், “அரியாலை வீட்டை ஒருக்கால் பாத்திட்டு வருவமோ?” என்று கேட்டேன். எங்களுக்கு அந்த வீட்டில் ஒரு உரிமையும் இல்லை. இருந்தாலும் போனோம்.

படலை திறந்து கிடந்தது. பெரிய மாமரக் கொப்பு ஒன்று முறிந்து கூரைமேல் விழுந்து, ஓடுகள் நொறுங்கி, உள் அறை முழுக்கத் தண்ணீர். தங்கம்மா அக்கா சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு தனியாக வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆள் மூலம் செய்தி அனுப்பியிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். நான் தண்ணீரைக் கூட்டித் தள்ளத் தும்புத்தடியை எடுத்தேன். இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கொப்பை வெட்ட ஒரு கத்தி தேடிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் படலையடியில் ஆள் சத்தம் கேட்டது. பொன்னுத்துரை அண்ணை. பக்கத்து வீட்டு ஏணியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். வாசலில் தங்கச்சியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அக்கா வாளியைக் கீழே வைத்தார். இரண்டு பேரில் ஒருவர் இப்போது திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். வானம் திரும்பவும் இருண்டுகொண்டு வந்தது.

அண்ணை ஏணியைச் சுவரில் சாத்தினார். ஈர நிலத்தில் அது வழுக்கியது.

“தங்கம், உதிலை ஒருக்கால் பிடி” என்றார்.

அக்கா வந்து பிடித்தார்.

அவர் மேலே ஏறி ஓடுகளை விலக்கத் தொடங்கினார். அக்கா கீழே இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணையின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “ஏன் அண்ணை நீ பொறுக்கேல்லை?”

மேலே ஓடு விலக்கிய சத்தம் நின்றது.

“பொறுக்கச் சொல்லித்தான் சொன்னனான். பெரியாக்கள் இருட்ட முன்னம் எடுக்கவேணும் எண்டிட்டினம். நான் மறிச்சு நிண்டிருக்கவேணும். நிக்கேல்லை. அது என்ரை பிழைதான், தங்கம்.”

அக்கா ஏணியை விடாமல், அதில் நெற்றியை வைத்து அழுதார். நான் தும்புத்தடியோடு குசினிக்குள் போய்விட்டேன். அங்கே நின்று நானும் அழுதேன். “பிள்ளையாரப்பா, பிள்ளையாரப்பா” என்பதைத் தவிர வேறொன்றும் என் வாயில் வரவில்லை.

மழை திரும்ப வருவதற்குள் அண்ணையும் என் கணவருமாகச் சேர்ந்து, முழு ஓடுகளைப் பொறுக்கி அடுக்கி, ஓட்டை இருந்த இடத்தைப் பின்னிய தென்னோலைக் கிடுகால் மூடினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து தேத்தண்ணி வந்தது. அண்ணனும் தங்கச்சியும் ஈர நிலத்தில் பலகை போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் இருந்து குடித்தார்கள். அப்போது அக்கா சொன்னார், “இனி உதை ஏன் அண்ணை விக்கவேணும்? அம்மாவின்ரை வீடு. நான் மாதத்துக்கு ஒருக்கால் வந்து கூட்டிப் போடுறன்.” அண்ணை தலையை ஆட்டினார்.

நாங்கள் சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டோம். ஒழுங்கை முடியும் வரைக்கும் இவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார்.

“அவை சேர்ந்திட்டினம். நல்லதுதானே” என்றார்.

“ஓம்” என்றேன். வீடு போய்விட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

விரதம் முடிந்த அன்று கோயிலில் நின்றேன். எனக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. நான் கேட்டது நடந்துவிட்டது. அதற்கு நன்றி சொன்னேன். அந்த நன்றியை மனமாரச் சொன்னேன் என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பங்குனிக்கு எங்கே போவோம் என்ற பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயம் என்னைப் பிடித்து உலுக்கவில்லை.

தைப்பொங்கல் கழிந்து ஒரு காலையில் படலையடியில் யாரோ கூப்பிட்டார்கள். பொன்னுத்துரை அண்ணையும் தங்கம்மா அக்காவும். இரண்டு பேரும் ஒன்றாக வந்திருந்தார்கள். கையில் வாழைக்குலை. சாந்தி ஊன்றுகோலோடு போய்க் கதிரை எடுத்துப் போட்டாள்.

அண்ணைதான் கதையைத் தொடங்கினார். “நாங்கள் கதைச்சுப் பாத்தம் தங்கச்சி. பூட்டி வைச்சால் அடுத்த மாரிக்கு வீடு விழுந்திடும். ஆள் இருந்தால்தான் வீடு நிக்கும்.”

“அண்டைக்கு உங்களை ஒருத்தரும் கூப்பிடேல்லை. வந்து எங்களோடை நிண்டியள்” என்றார் அக்கா. “வேறை ஆக்களுக்குக் குடுக்க எனக்கு மனமில்லை. ஒண்டு மட்டும் கேக்கிறன். அம்மாவின்ரை திவசத்துக்கு வருசத்திலை ஒருக்கால் நாங்கள் ரண்டு பேரும் அங்கை வந்து சமைச்சுப் படைக்கலாமோ?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பதில் சொன்னார். “அக்கா, அது உங்கடை வீடு. நாங்கள் இருக்கப் போறம், அவ்வளவுதான்.” அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அந்த மாதமே நொத்தாரிசிடம் உறுதி எழுதினோம். மாசியில் பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். முதல் கலயத் தண்ணீரை அந்தக் கிணற்றில் நான்தான் அள்ளினேன். சாந்தி அடுத்த நாளே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனாள். யாரும் கூடப் போகவில்லை. நான் படலையில் நின்று, அவள் உள்ளே போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள்.

அது தற்செயலாக நடந்தது என்று சொன்னவர்களும் உண்டு. மரம் முறிவது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து சேருவது எல்லாம் தற்செயலாக நடக்கலாம்தான். நான் அவர்களோடு வாதாடுவதில்லை. கோயிலில் நின்று கேட்டவள் நான். நடந்ததைக் கண்ணால் கண்டவளும் நான். அதற்குப் பிறகு நான் கும்பிடுகிற முறையே மாறிப்போனது. யாருக்காவது ஒரு துன்பம் என்று கேள்விப்பட்டால் அவர்களுடைய பெயரைத்தான் முதலில் சொல்லுவேன். என் காரியம் பிறகு வரும். சில நாட்களில் அதைச் சொல்ல மறந்தே போய்விடும்.

உங்களில் வீடு தேடி அலைகிறவர்கள் இருப்பீர்கள். வேறு ஏதோ ஒன்றைத் தேடிக் களைத்தவர்களும் இருப்பீர்கள். பிள்ளையாரிடம் கேளுங்கள். உங்களைத் தட்டிக் கழித்தவர்களுக்காகவும் ஒரு சொல் கேளுங்கள். மனம் வராவிட்டாலும் கேளுங்கள், அவர் பார்த்துக்கொள்ளுவார். வருகிற மாதம் எங்கள் வீட்டில் அந்த அம்மாவின் திவசம். அண்ணையும் அக்காவும் முதல் நாளே வந்து நிற்பார்கள். நீங்களும் வாருங்கள். எல்லோருக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறோம்.