நான் போட்ட மதராஸ் லாரி அட்டவணை

லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்தவன், தான் ஓட்டாத வண்டிக்கு வாக்குக் கொடுத்துப் பிழைக்கிறவன். எழுபதுகளில் கல்கத்தாவில் நான் அப்படிப் பிழைத்தேன். எங்கள் லாரி இங்கிருந்தும் மதராஸ் லாரி அங்கிருந்தும் புறப்பட்டு, விஜயவாடாவில் சந்திக்கும். டிரைவர்கள் வண்டி மாற்றிக்கொண்டு அவரவர் ஊர் திரும்புவார்கள். யோசனையும் அட்டவணையும் என்னுடையவை. மூன்று முறை சந்திப்பு தவறினால் அட்டவணையோடு என்னையும் தூக்கிவிடுவதாக மானேஜர் பால் பாபு சொல்லியிருந்தார். நேரம் சொல்லி மாட்டிக்கொண்டவர்களுக்கு என் நிலைமை புரியும்.

ஏற்றிய வரிசை

முதல் வண்டிக்குச் சரக்குப் பட்டியலை ஊர் வரும் வரிசையில் அழகாக எழுதினேன்: முதலில் விஜயவாடா, பிறகு மதராஸ். லோடிங் தலைவர் ஹரிதா, வங்காளத்தில் ‘ஹரி அண்ணன்’, அதே வரிசையில் ஏற்றிவிட்டார். விஜயவாடா சரக்கு உள்ளே அடியில், மதராஸ் சரக்கு கதவோரம்! விஜயவாடாவில் லாரியையே காலி செய்து தேட வேண்டியதாயிற்று. மதராஸ் டிரைவர் காத்துக் காத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நான் ஹரிதாவிடம் எகிறினேன். அவர் நிதானமாக பீடியை அணைத்தார்.

“கடைசில இறங்கறது முதல்ல ஏறணும்னு எனக்குத் தெரியும் பாபு. உங்க லிஸ்ட் வேற மாதிரி சொல்லிச்சு, நீங்க படிச்சவராச்சேன்னு விட்டுட்டேன்.”

பாலம்

இரண்டாவது முறை சரக்கு ஒழுங்காக ஏறியது. ஹவுரா பாலத்தில் ஊர்வலம். அரை நாள் வண்டி நகரவில்லை; இரண்டாவது சந்திப்பும் தவறியது. டிரைவர் குர்தியால் சிங் போனில் கத்தினார்:

“பாபுஜி, உங்க அட்டவணைல விஜயவாடா இருக்கு, கல்கத்தாவைத்தான் காணோம்!”

பூஜை நாள்

அதன் பிறகு உஷாராகிவிட்டேன். வண்டிகளுக்குப் பூஜை போடும் நாளில் யாரும் ஓட்டமாட்டார்கள் அல்லவா? அட்டவணையில் ஆயுத பூஜையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். செப்டம்பரில் லேக் கார்டன்ஸ் மளிகைக் கடை சீதாராமன் மாமா, மதராஸில் நடக்கவிருந்த மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரங்கள் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானமே டிரைவரிடம் சரக்குச் சலானைக் கொடுத்தேன். “சனிக்கிழமை காலைல கிளம்பிடும், கவலையே படாதீங்கோ” என்று மாமாவிடம் அடித்துச் சொல்லிவிட்டு ஜாதவ்பூர் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் வந்தால் வானமெல்லாம் பட்டம், லாரிகளுக்கெல்லாம் மாலை. விஸ்வகர்மா பூஜை! இங்கே பட்டம் விடுவதும் வண்டிக்குப் பூஜை போடுவதும் அன்றைக்குத்தான், நம் ஊர் போல ஆயுத பூஜைக்கு அல்ல. இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. வேலை போனது போகட்டும், மாமா முகத்தில் எப்படி விழிப்பேன்? மாலை போட்ட வண்டிகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. மதராஸ் வண்டியைக் காணோம்.

ஹரிதா என் கையில் பிரசாதத்தை வைத்தார். “சர்தார்ஜி நேத்து சாயங்காலமே போயாச்சு. பாத்திரம் அடியிலதான் இருக்கு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, ஹரிதா?”

“சொன்னா நீங்க அட்டவணையைக் காட்டுவீங்க பாபு. அதான் டிரைவர்கிட்ட சொன்னேன்.”

பாத்திரங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தன, பால் பாபு என் அட்டவணையை மெச்சினார், நானும் அதன்பிறகு எல்லாவற்றையும் பென்சிலில் எழுதி, ஹரிதா தலையாட்டிய பிறகே மையைத் தொட்டேன்.