'ஆன் தி வே' என்றால் எங்கே?

1. முதல் நாள்

லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர் மணிப் பொத்தானை அழுத்தினால், யாரோ ஒருவர் பேசுவார் அல்லவா? பூச்சோங்கில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் உட்கார்ந்திருந்த அந்த யாரோ ஒருவர் நான்தான். கிள்ளான், ஷா ஆலம், காப்பார் என்று பல இடங்களின் லிஃப்ட்டுகள் எங்கள் கண்ட்ரோல் ரூமுக்குத்தான் பேசும். போன வருஷம் வரைக்கும் அந்த நாற்காலியில் இருந்தேன். புதிதாக அங்கே உட்காரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் நாள் சுப்ரவைசர் ரவி சார் ஒரே ஒரு விதிதான் சொன்னார்.

"அக்கா, நிமிஷக் கணக்கு மட்டும் வாயில வந்துடக் கூடாது. பத்து நிமிஷம்னு சொன்னீங்கன்னா, பதினோராவது நிமிஷம் நம்மளப் போட்டுத் திட்டுவான்."

"அப்ப என்ன சார் சொல்றது?"

"இங்கிலீஷ்ல சொல்லுங்க. அதுல நேரம் நல்லா இழுத்துக் குடுக்கும் லா."

முதல் தடவை அழைத்தால் 'ஷார்ட்லி'. மறுபடி அழைத்தால் 'ஆன் தி வே'. கத்த ஆரம்பித்தால் 'எனி மினிட் நவ்'. இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எங்கே உளறிவிடுவேனோ என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். வீட்டில் சாப்பாடு எப்போது என்று கணவர் கேட்டதற்கு 'ஷார்ட்லி' என்றேன். அவர் போய் பிஸ்கட் டின்னைத் திறந்தார்.

2. எந்த வார்த்தைக்கு எவ்வளவு தூரம்

போகப் போகத்தான் தெரிந்தது, இந்த வார்த்தைகளை நம் ஊரில் எல்லாருமே இப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று. 'ஆன் தி வே லா' என்று ஒருவர் சொன்னால் அவர் இன்னும் துண்டோடு நிற்கிறார். 'ஆல்மோஸ்ட் தேர்' என்றால் கார் சாவியைத் தேடுகிறார். 'ரீச்சிங்' என்றால்தான் வண்டி ரோட்டில் ஏறியிருக்கிறது, அதுவும் ஜாமில். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அதனால் யாரும் இதைப் பொய் என்று நினைப்பதில்லை. கல்யாண விருந்துக்கு ஏழு மணி என்று கார்டு அடித்துவிட்டு ஒன்பது மணிக்கு இலை போடுகிற மாதிரிதான்.

'ஃபார் தி டைம் பீயிங்' என்று சொல்லி ரவி சார் என் மேசையில் ஒரு சின்னக் காற்றாடியை வைத்தார். நான் வேலையை விட்டு வரும்போதும் அது அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருந்தது. 'டேக் யுவர் டைம்' என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னால் மட்டும் கையிலிருக்கும் அழைப்பைச் சட்டென்று முடிப்பேன். நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

எனக்கோ பிறவியிலேயே பயம். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால், பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற ஆள். டெக்னீஷியன் சேகர் 'ஆன் தி வே கா' என்றால் எனக்கு மனம் ஆறாது.

"எங்க இருக்க சேகரு? கண்ணு முன்னால என்ன தெரியுது?"

"ரோடு தெரியுது கா."

"ரோட்டுல கரண்டி கிண்டுற சத்தம் எப்படி வருது?"

"ஐயோ அக்கா! என் பொண்டாட்டிகூட இப்படிக் கேட்டதில்ல. தே தாரிக் பாதி குடிச்சாச்சு. கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன்."

சத்தம் இல்லாத மதியங்களில் கண்ணை மூடிக்கொள்வேன். இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் இரும்புப் பெட்டிகள் கயிற்றில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பது தெரியும். அதில் ஒன்று, இரண்டு மாடிகளுக்கு நடுவே சும்மா தொங்கும். உள்ளே இருக்கிறவருக்கு வெயில் இல்லை, நிழல் நகர்வதில்லை, தெருச் சத்தம் இல்லை. நேரம் என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு என் குரல் மட்டும்தான் அவருக்கு அடையாளம். அந்தக் குரல் 'ஷார்ட்லி' என்கிறது.

3. மழை பெய்த மதியம்

கிள்ளானில் ஒரு அடுக்குமாடி வீடு. நல்ல மழையில் மின்சாரம் போய் வந்ததில் லிஃப்ட் நின்றுவிட்டது.

"ஹலோ, யாரும்மா? நான் ராமையா பேசுறேன். உள்ள நான் மட்டுந்தான் இருக்கேன்."

வயதான குரல். மூச்சு முட்டுகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். ஒன்றுமில்லை, விளக்கு எரிகிறது, காற்றாடியும் சுற்றுகிறது என்றார்.

"பயப்படாதீங்க அங்கிள். டெக்னீஷியன் ஆன் தி வே."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

"அம்மா, நானும் சம்சாரத்துக்கிட்ட 'ஆன் தி வே'ன்னு சொல்லிட்டுத்தான் செருப்பத் தேடுனேன். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். உண்மையச் சொல்லு. அவ ஆஸ்பத்திரில இருக்கா. இன்னைக்கு ஆபரேஷன். உள்ள கொண்டு போறதுக்கு முன்னால வந்துடுறேன்னு சொல்லியிருக்கேன்."

ஆஸ்பத்திரி அவர் வீட்டிலிருந்து இரண்டு சிக்னல் தள்ளித்தான்.

சேகரை அழைத்தேன். "எங்க இருக்க?" என்றேன். இந்த முறை அவன் விளையாடவில்லை.

"ஷா ஆலம்ல கா. இங்க ஒரு லிஃப்ட்டுல மூணு பேரு. இவங்கள எறக்கிட்டுத்தான் வர முடியும். வெளிய ரோட்டுல தண்ணி ஏறிடுச்சு."

பொம்பாவுக்கும் போன் போட்டேன். தீயணைப்பு வண்டிகள் எல்லாம் வெள்ளத்தில் இருந்தன. 'அஸ் சூன் அஸ் பாசிபல்' என்றார் போனை எடுத்த பெண். அவர் மேசைப் பக்கத்திலும் ஒரு ரவி சார் நிற்பார் போலிருக்கிறது.

அங்கிளிடம் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் பயத்தில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சொல்லாமல் விட்டால், ஒவ்வொரு நொடியும் கதவைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

"அங்கிள், ஆளு ஷா ஆலம்ல இருக்காரு. இன்னும் புறப்படல. வேற மூணு பேர எறக்கிட்டுத்தான் வருவாரு. ரோட்டுல வெள்ளம்."

துணி உரசும் சத்தம். தரையில் உட்காருகிறார்.

"சரிம்மா. இப்ப உட்காரலாம்னு தெரிஞ்சுது. இவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருந்தேன்."

அவருடைய கைப்பேசிக்கு உள்ளே சிக்னல் இல்லை. மனைவியின் நம்பரை அதிலிருந்து பார்த்துச் சொன்னார். என் மேசையில் இருந்த இன்னொரு போனில் அடித்தேன். பாக்கியம் ஆன்டி எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"லிஃப்ட்டுலயா? அப்ப வீட்ட விட்டு வெளிய வந்துட்டாரா?"

"வந்துட்டாரு ஆன்டி."

"அடக் கடவுளே! கல்யாணம் கட்டுன நாள்லேருந்து இன்னைக்குத்தான் அந்த மனுசன் நெஜமாவே ஆன் தி வே!"

சிரித்தவர் அப்படியே அழத் தொடங்கினார். நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. இரண்டு ரிசீவர்களையும் தலைகீழாக மாற்றி, ஒன்றின் வாய் இன்னொன்றின் காதில் படும்படி சேர்த்துப் பிடித்தேன். எங்கள் வேலையில் இப்படி ஒரு வழக்கம் கிடையாது. ரவி சார் வாசலில் நின்று பார்த்தார். நேரமாகிறது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

வெளியே மழை. கைக்குள் இரண்டு குரல்கள், சின்ன வண்டுகள் மாதிரி.

"கேஸ் அடுப்ப அடைச்சீங்களா?"

"அடைச்சேன். நீ சாப்டியா?"

"ஆபரேஷனுக்கு யாராச்சும் சாப்பிடுவாங்களா? வேட்டியா, கால்சட்டையா?"

"கால்சட்டை. அந்த நீலச் சட்டை."

"அதுல பட்டன் இல்லியே."

"பின்னு குத்தியிருக்கேன்."

பயத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கை மரத்துப்போனது. அந்த நேரத்துக்கு எந்த மொழியிலும் பெயர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மழை, பட்டன், பின்னு என்று அது பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு தாதியின் குரல் கேட்டது: "ஆன்டி, டைம் ஆச்சு, போலாமா?"

"சரிங்க, நான் போறேன். அவசரமே இல்ல, டேக் யுவர் டைம்," என்றார் ஆன்டி. எந்தக் குத்தலும் இல்லாமல் அந்த வார்த்தையை ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

லைன் நின்றது.

"போயிட்டாளாம்மா?"

"உள்ள போயிட்டாங்க அங்கிள்."

அதற்குப் பிறகு சேகர் எந்த இடத்தில் இருக்கிறான் என்பதை மட்டும் சொல்லிக்கொண்டே வந்தேன். இப்போது வேனில் ஏறிவிட்டார். இப்போது ஹைவேயில், தேங்கிய தண்ணீருக்கு முன்னால் நிற்கிறார். இப்போது உங்கள் கார்பார்க்கில் வேனை நிறுத்துகிறார். அங்கிள் ஒரு தடவைகூட 'எப்போது' என்று கேட்கவில்லை. 'சம்பாய் கா, வந்துட்டேன்' என்று சேகர் சொன்ன கொஞ்ச நேரத்தில், இண்டர்காமில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் நன்றிகூடச் சொல்லாமல் ஓடிவிட்டதாகச் சேகர் சொன்னான். ஓடட்டும்.

இந்த வேலையில் நான் கற்றது இவ்வளவுதான். நேரத்தைச் சொல்லும் வார்த்தை கைவசம் இல்லையென்றால் இடத்தைச் சொல்லுங்கள். காத்திருக்கிறவருக்கு அது போதும், உட்கார்ந்துகொள்வார்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் போனில் அந்தக் குரல்.

"அம்மா, ராமையா பேசுறேன். கண்ணு முழிச்சிட்டா. வீட்டுக்கு எப்ப விடுவீங்கன்னு டாக்டரக் கேட்டேன். 'சூன்'ன்னாரு. நீதான் இதுல பழகுன ஆளாச்சே. அது எந்த சூன்மா?"

யோசித்தேன்.

"அங்கிள், டாக்டர் எங்க நின்னு சொன்னாரு? வாசல்ல போயிக்கிட்டே சொன்னாரா?"

"இல்லம்மா. அவ கட்டில் ஓரத்துல உட்கார்ந்து, அவ கையப் புடிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு."

"அப்ப அவங்க வர்றதுக்குள்ள நீங்க போயி அந்த நீலச் சட்டைக்குப் பட்டன் தைச்சு வைங்க அங்கிள்," என்றேன்.