விபிஎன் குடித்தனம்

என் அக்காவுக்கு அவள் வேலை பார்க்கும் இடத்தில் மில்லிமீட்டர் என்று பெயர். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் பட்டறை அது. மெழுகில் பல் வரிசை வைத்து, மேல் தாடையும் கீழ்த் தாடையும் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. முடி அளவு இடித்தாலும் விடமாட்டாள். பட்டறையில் அது நல்ல குணம். அதே குணத்தோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் கூடப் பிறந்தவன் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

அத்தான் வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான வருஷமே போனவர், மூன்று வருஷமாக அங்கேதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் அங்கேயும் இவள் இங்கேயும் உட்கார்ந்து, போனில் ஒருவரையொருவர் பார்த்தபடி, அந்த நாட்டுச் சீரியல் ஒன்றைச் சேர்ந்து பார்ப்பார்கள். ஏரிக்கரையில் விடுதி நடத்தும் குடும்பத்தின் கதை. ஒருவர் கதவைத் திறப்பார், இன்னொருவர் வந்து சாத்துவார், மற்ற நேரமெல்லாம் எல்லோரும் ஏரியைப் பார்ப்பார்கள். கதை அவ்வளவுதான். அக்காவுக்கு அதில் ஒரே குறை கதாநாயகனின் வாய். "அந்த முன்பல்லு ரெண்டும் சொந்தப் பல்லு இல்லடா. கலர் ஒத்துப்போகல" என்பாள்.

அந்தச் சீரியல் அந்த நாட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் ஓடும். அதற்குத்தான் விபிஎன். எங்கள் டிவியில் அந்த ஆப் ஏறவில்லை என்றதும் அத்தான் ஒரு சின்னப் பெட்டியை அனுப்பி வைத்தார். இன்டர்நெட் வயரை அதில் செருகினால் போதும், வீடு மொத்தமும் அந்த நாட்டில் இருப்பதாக வெளியுலகம் நம்பிவிடும். சீரியல் முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டியதுதானே? அக்கா கழற்ற மாட்டாள். "தினம் கழட்டி மாட்டினா பின்னு தேஞ்சிடும்."

ஆக வாரம் முழுக்க நாங்கள் வெளிநாட்டில் குடியிருந்தோம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது என் போன் பனி கொட்டுவதாகச் சொன்னது. விளம்பரமெல்லாம் புரியாத மொழியில் வந்தது. பேங்க் ஆப் என்னைத் திருடன் என்று நினைத்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. நான் போன் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவன். கண்ணாடி மாற்றுவேன், பேட்டரி மாற்றுவேன். அதனால் கரண்ட் ஓடும் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்பது வீட்டில் முடிவான விஷயம். "என்னமோ பண்ணுடா, உனக்குத்தான தெரியும்" என்று சொல்லிவிட்டு ஏரியைப் பார்க்கப் போய்விடுவாள்.

போகட்டும் என்று இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அப்போதுதான் அத்தானுக்கு மனைவியை அழைத்துக்கொள்ளும் தகுதி கிடைத்தது. விண்ணப்பத்தை ஆன்லைனில் அனுப்ப வேண்டும். அனுப்புகிறவர் அந்த நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. அக்கா என்னைக் கிட்டேயே விடவில்லை. "உனக்கு எப்பவும் அவசரம்" என்று சொல்லி, பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, போட்டோவின் ஓரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, குறையே இல்லாமல் அனுப்பினாள். பெட்டி செருகியபடியே இருந்தது.

பதில் வந்தது. விண்ணப்பம் எங்கள் நாட்டுக்குள்ளிருந்து அனுப்பப்பட்டிருக்கிறது, நீங்கள் அனுமதியில்லாமல் உள்ளே தங்கியிருந்ததாகச் சந்தேகிக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அங்கே போக முடியாமல் மூன்று வருஷமாகத் தவிக்கிறவளைப் பார்த்து, நீ திருட்டுத்தனமாக இங்கேதான் இருந்தாய் என்கிறார்கள்.

"அந்தப் பெட்டிதான்க்கா" என்றேன்.

"பெட்டிக்கு என்ன? நல்லாத்தான வேல செய்யுது" என்றாள்.

அதோடு விடவில்லை. இரண்டு அதிகாரிகள் அத்தானின் அறைக்கே போய்விட்டார்கள். டிவிக்கு முன்னால் இரண்டு நாற்காலி. வாசலில் பெண்கள் போடும் புது பூட்ஸ். ஆணியில் அக்கா அளவுக்கு ஒரு குளிர்கோட்டு. மலிவு விலையில் வந்ததே என்று மனுஷன் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார். மனைவி எங்கே என்று கேட்டதற்கு, இரண்டாவது நாற்காலியைக் காட்டி, வெள்ளிக்கிழமை போனை அங்கேதான் வைப்பேன், அதில் வருவாள் என்றிருக்கிறார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அக்காவை இங்குள்ள அவர்கள் தூதரகத்துக்கு நேரில் வரச் சொன்னார்கள். பொய் என்று முடிவானால் அப்புறம் பல வருஷத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. துணைக்கு ஒருவர் வரலாம் என்பதால் நானும் போனேன். வழியெல்லாம் பாடம் நடத்தினேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ரொம்பத் தெரிஞ்ச மாதிரி பேசாத."

அதிகாரி ஒரு பெண்மணி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர். அக்கா மூன்று வருஷமும் இங்கேதான் வேலை பார்த்தாள் என்று பட்டறை முதலாளி கொடுத்த கடிதத்தை, இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அந்த அம்மாள் ஓரமாக வைத்துவிட்டார். பெட்டியைப் பற்றி நான் சொன்னதையும் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார். பிறகு அக்காவிடம், உங்கள் கணவர் அங்கே தங்கியிருக்கும் வீட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்.

"எல்லாம் தெரியும்" என்று ஆரம்பித்தாள் மில்லிமீட்டர். "ஜன்னலுக்கு இடது பக்கம் அடுப்பு. குழாய் சொட்டும். வாஷர் மாத்தச் சொன்னா கேக்கமாட்டார். கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒடுங்கித்தான் போகணும். கதவு அடியில தேயும், கொஞ்சம் தூக்கித் தள்ளணும்."

நான் மேசைக்கடியில் அவள் காலை அழுத்தினேன். "ஏன்டா மிதிக்கிற?" என்று சத்தமாகவே கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் கடமை தவறாமல் அதையும் மொழிபெயர்த்தார்.

அதிகாரி ஃபைலைத் திறந்து எதையோ படித்தார். அப்புறம் கேட்டார். "உள்ள நுழைஞ்சதும் என்ன வாசம் அடிக்கும்?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"சோப்பு வாசமா இருக்கும்" என்றாள் கடைசியில். "அவர் சுத்தமான ஆளு."

அதிகாரி ஃபைலைப் பார்த்தே சொன்னார். கீழ்த்தளத்தில் பசை தடவிச் செருப்பு ஒட்டும் கூடம். நாற்றம் மேலே அறைக்குள்ளேயே தங்குகிறது. போன அதிகாரிகளில் ஒருவர் தலைவலி தாங்காமல் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். ஒரு ராத்திரி அங்கே தங்கியவருக்குக்கூட அது மறக்காது. நீங்கள் அங்கே இருந்ததில்லை. விசா கொடுக்கப் பரிந்துரை செய்கிறேன்.

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல் இருந்தது. அக்கா எழுந்திருக்கவே இல்லை. நான்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். தெருவுக்கு வந்ததும் வராததுமாக அத்தானுக்குப் போன் போட்டாள்.

"அந்த நாத்தத்துலயா உக்காந்து சாப்பிடுறீங்க?"

"பழகிடுச்சு" என்றார் அத்தான். "சொன்னா நீ கவலைப்படுவ."

"குழாய் சொட்டுறது வரைக்கும் காட்டினீங்களே. எல்லாம் தெரியும்னு அவங்ககிட்ட சொன்னேன். ஒண்ணுமே தெரியாம மூணு வருஷம் உங்களோட குடித்தனம் பண்ணியிருக்கேன்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"விசா என்னாச்சு? அதச் சொல்லு மொதல்ல."

"வேற வீடு பாருங்க" என்றாள் அக்கா. "ரெண்டு பேருக்கு."