போர்வைக்குள் என் மகள்

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். சட்டைக் கழுத்து உரசினால் கழற்றி எறிவாள். நான் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியில் என் கான்ட்ராக்ட் முடிந்திருந்தது. மனைவிக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை நிலைத்திருந்தது. அதனால் அவள் கம்பெனி பஸ் ஏறினாள், நான் வடக்குப்பட்டு வாடகை வீட்டில் குழந்தையோடு இருந்தேன். பகலில் அந்த வரிசை வீடுகளிலேயே ஒரே ஆண் நான்தான்.

வாரம் இரண்டு நாள் வாலாஜாபாத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான ஒரு பயிற்சி மையத்துக்கு அவளை அழைத்துப்போவேன். அங்கே காத்திருக்கும் அம்மாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். நான் போய் உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சில் பேச்சு நின்றுவிடும். பயிற்சி தந்த பெண், சத்தம் வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே அவள் உடம்புக்கு வேலை கொடுக்கச் சொன்னார். சப்பாத்தி மாவு பிசைய விடலாம், சுவரைத் தள்ளச் சொல்லலாம், தலை மட்டும் வெளியே இருக்கும்படி போர்வையில் சுருட்டலாம்.

"அவ போதும்னா உடனே விட்டுடணும், சார்."

மாவும் சுவரும் அவளுக்குப் பிடித்துப்போயின. போர்வையில் முதல் தடவை சுருட்டியதுமே வீறிட்டாள். நான் அவசரமாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார்.

"இன்னா பண்றீங்க கொயந்தைய? மூச்சு முட்டிடப் போவுது!"

"இல்லக்கா, சென்டர்ல சொல்லிக் குடுத்தாங்க. இப்டி சுத்துனா அமைதியாவும்னு..."

"வூட்ல பொம்பள இல்லாதப்ப இதெல்லாம் இன்னாத்துக்கு?"

விளக்கிச் சொன்னேன். தலையாட்டினார், நம்பவில்லை. மறுநாளிலிருந்து அவருடைய பிள்ளைகள் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. என் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் விளையாடுவதைப் பார்ப்பாள். பின்னால் நின்று நானும் பார்ப்பேன். போர்வையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, பின்மனையில் ஒரு போர்வெல் லாரி வந்து துளைபோடத் தொடங்கியது. அவளைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது என்று நான் பதறினேன். அவளோ அலமாரியிலிருந்து போர்வையை இழுத்து வந்து தரையில் போட்டு, அதன் ஓரத்தில் படுத்தாள்.

"சுத்துப்பா."

சுற்றினேன்.

"இன்னும் கெட்டியா."

கதவைச் சாத்தலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சாத்தவில்லை. அவள் தோளில் கை வைத்து அழுத்தினேன். தரை அதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் மூச்சு மெல்ல நிதானத்துக்கு வந்தது.

இதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. தொழிற்சாலை லைனில் வேலைக்கு நிற்கும்போது மனைவியின் போன் லாக்கரில் இருக்கும் என்று தெரிந்தும் அழைத்தேன். பழைய ஷிப்ட் நண்பனின் நம்பரை எடுத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

நாலு மணிக்கு மனைவி வந்தாள். டீ கொடுத்து, எதிரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். லாரி வந்தது வரைக்கும்தான் சொல்லியிருப்பேன். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல், சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். கையிலிருந்த டம்ளரை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தேன்.